உப்புக்காற்று ஊரில் வாடகை வீடு: கரண்ட் பிரச்சினை வந்தால் என்ன செய்வது?

இந்த நிமிடம் உங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கிறது, அல்லது சுவிட்ச் போர்டிலிருந்து கருகிய வாடை வருகிறது என்றால் மீதியை அப்புறம் படியுங்கள். காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, கையை நன்றாகத் துடைத்துவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதைத் தனியாக அணைக்க வேண்டும். மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். இதை மறந்து கை வைத்தவர்கள் நிறைய.

யாரையாவது கரண்ட் பிடித்திருந்தால் அவரைத் தொடாதீர்கள். மெயின் எட்டவில்லை என்றால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. போர்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு 101 அல்லது 112-க்குச் சொல்லுங்கள்.

சரி, இப்போது நிதானமாகப் பார்ப்போம்.

நம் ஊரில் வயரிங் ஏன் சீக்கிரம் கெடுகிறது

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி, மண்டபம், தங்கச்சிமடம், இப்போது கீழக்கரை என்று நான்கு ஊர்களில் வாடகைக்கு இருந்துவிட்டேன். உள்நாட்டு ஊர்களில் பல வருடம் தாங்குகிற பிளக் பாயின்ட் இங்கே பாதிக் காலம்கூடத் தாங்குவதில்லை. காரணம் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறுகின்றன. தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் வந்து சுவரிலும் வயரிலும் படிகிறது. அந்த உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. இரவில் ஈரம் ஏறியதும் தூசு மாதிரி இருந்த படிவு, கரண்ட் கடத்தும் ஈரப் படலமாக மாறிவிடும். பகலெல்லாம் ஒழுங்காக இருக்கிற வீட்டில் விடியற்காலை நான்கு மணிக்கு மட்டும் டிரிப் ஆவது, அதாவது போர்டில் சுவிட்ச் தானாக விழுவது, இதனால்தான். தெருக் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கானிலும் இதேதான் நடக்கிறது. பல நாள் மழையில்லாமல் இருந்து முதல் தூறல் விழும்போது கம்பத்தில் சடசடவென்று பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெருமழை பெய்தால் உப்பு கழுவப்பட்டுவிடும். தூறல் அதை நனைத்து மட்டும் விடுகிறது.

உப்பு செய்கிற இன்னொரு வேலை அரிப்பு. செம்புக் கம்பியின் நுனியில் பச்சை பூக்கும், இரும்புத் திருகு துருப்பிடிக்கும். இணைப்பு தளர்ந்தால் அந்த இடத்தில் தடை கூடும், கரண்ட் ஓடும்போது சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். பிளாஸ்டிக் மஞ்சளாகி, பழுப்பாகி, ஒருநாள் கருகும்.

பாம்பன் தீவில் தென்கடல் பக்கம் வீடு என்றால் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் உப்பு அதிகம் படியும். வடகடல் பக்கம் என்றால் ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்றில். வீட்டில் எந்தச் சுவர் அந்தக் காற்றைப் பார்த்து நிற்கிறதோ, அந்தச் சுவரின் பாயின்ட்தான் முதலில் கெடும். எதைத் தேடினாலும் அங்கிருந்து தொடங்குங்கள்.

முதல் கேள்வி: பழுது யார் பக்கம்?

வாடகைக்கு இருப்பவருக்கு எல்லாவற்றையும் விட இது முக்கியம். கம்பத்திலிருந்து மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி, போர்டு, சுவருக்குள் ஓடும் வயர், கசியும் கரண்டைத் தரைக்குள் இறக்கும் எர்த் எல்லாம் வீட்டு உரிமையாளருடையது. பிளக்கில் செருகும் சாமான் நம்முடையது. எங்கே பழுது என்று தெரியாமல் வயர்மேனைக் கூப்பிட்டால் ஈ.பி.யைச் சொல்வார், ஈ.பி.யைக் கூப்பிட்டால் வீட்டுக்காரரைச் சொல்வார்கள், வீட்டுக்காரர் உங்கள் மிக்ஸியைச் சொல்வார்.

கரண்ட் போனதும் முதலில் வெளியே எட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டிலும் இல்லையென்றால் லைன் கட். உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற மீட்டருக்குப் போங்கள். மீட்டரில் எண் எரியவே இல்லையென்றால் கரண்ட் மீட்டருக்கே வரவில்லை: சர்வீஸ் வயரோ, மீட்டருக்கு முன்னால் உள்ள பியூஸோ போயிருக்கிறது. அதில் சீல் இருக்கும், நாம் தொடக்கூடாது. மீட்டர் எரிகிறது, வீட்டுக்குள் இல்லை என்றால் கோளாறு இந்தப் பக்கம்.

ஈ.பி. புகாருக்கு மின்னகம் எண் 94987 94987; இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள். இணைப்பு உரிமையாளர் பெயரில் இருந்தாலும் குடியிருப்பவர் புகார் சொல்லலாம். குடிவந்த முதல் நாளே மீட்டர் அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் இருட்டில் அந்த எண்ணைத் தேட முடியாது.

ஒரு லைட் மங்கல், இன்னொன்று பளிச்சென்று: உடனே மெயினை அணையுங்கள்

இதற்குத் தனியாக ஒரு தலைப்பு கொடுக்கக் காரணம் உண்டு. தெருவுக்குக் கரண்ட் வரும் கம்பி மூன்றும் (பேஸ்), அது திரும்பிப் போகும் கம்பி ஒன்றும் (நியூட்ரல்) வருகின்றன. கீழ்வீடு ஒரு பேஸில், மாடி இன்னொரு பேஸில் இருக்கும். நியூட்ரல் எங்காவது அரித்து அறுந்துவிட்டால் இரண்டு பேஸுக்கும் நடுவே உள்ள 400 வோல்ட் இரு வீட்டுச் சாமான்களுக்கும் இடையே பங்காகிவிடும். அதிகச் சாமான் ஓடும் வீட்டில் வோல்டேஜ் குறைந்து லைட் மங்கும். ஒரு பல்பும் பேனும் மட்டும் ஓடுகிற வீட்டுக்கு 300 வோல்ட்டுக்கு மேலேகூடப் போகும். டி.வி., பிரிட்ஜ், போன் சார்ஜர் எல்லாம் நிமிடங்களில் புகைந்துவிடும்.

இங்கே அலுமினிய சர்வீஸ் வயரைச் செம்புக் கம்பியோடு முறுக்கி இணைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கும். காற்று அடிக்கும்போதெல்லாம் லைட் மினுக்கினால் அந்த இணைப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மெயினை அணைத்து, பக்கத்துப் போர்ஷன்காரர்களையும் அணைக்கச் சொல்லிவிட்டு ஈ.பி.க்கு ‘நியூட்ரல் கட் போல இருக்கிறது’ என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். ‘லைட் சரியில்லை’ என்று சொன்னால் அவசரம் அவர்களுக்குப் புரியாது.

டிரிப் ஆனால் படிப்படியாகத் தேடுவது

போர்டில் இரண்டு வகை இருக்கும். எம்.சி.பி. என்பது அதிகக் கரண்ட் இழுத்தால், ஷார்ட் ஆனால் விழும். ஆர்.சி.சி.பி. என்பது போன கரண்ட் முழுதாகத் திரும்பாமல் வேறு வழியில் கசிந்தால் விழும். அதில் ‘டி’ (T) போட்ட சிறிய சோதனைப் பொத்தான் இருக்கும். எது விழுந்தது என்பதைப் பார்த்தாலே பாதித் துப்பு கிடைத்துவிடும்.

எம்.சி.பி. விழுந்தால் அந்த லைனில் கடைசியாக எதைப் போட்டீர்கள் என்று யோசித்து அதைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். மறுபடி உடனே விழுந்தால் திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஷார்ட் ஆன இடத்தில் பொறி பறக்கும்.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் எல்லா எம்.சி.பி.யையும் இறக்குங்கள். எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் பேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் வழியாகக் கசிவு இருந்தால் அது அப்படியே தொடரும். பல வயர்மேன்களே இந்த இடத்தில் ஒரு மணி நேரம் வீணாக்குவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதிலும் விழவில்லையென்றால் சாமான்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான். எங்கள் அனுபவத்தில் கீசர், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், இந்த வரிசையில் சந்தேகப்படலாம். எதையும் செருகாமலேயே விழுந்தால் சுவர் வயரில் ஈரம், அல்லது வெளியே இருக்கிற காலிங்பெல் சுவிட்ச், கேட் விளக்கு. இரும்பு கேட்டில் பொருத்திய காலிங்பெல் சுவிட்ச் நம் ஊர்க் காற்றில் நனைந்துகொண்டே இருக்கும்.

அடிக்கடி விழுகிறது என்று ஆர்.சி.சி.பி.யை விட்டுவிட்டு ‘டைரக்ட்’ கொடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து விடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்ததும் துண்டிக்கிற அந்தப் பெட்டிதான் உங்கள் பிள்ளைக்கும் கரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

பழைய வீடுகளில் எம்.சி.பி. இருக்காது, கட்டை பியூஸ்தான். போனால் அதே அளவு பியூஸ் வயரைத்தான் போட வேண்டும். கிடைத்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டால் பியூஸுக்குப் பதில் சுவருக்குள் இருக்கிற வயர் எரியும்.

ஷாக் அடித்தால்: எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்

மண்டபத்தில் நாங்கள் இருந்த மாடி வீட்டில், தரை துடைத்த ஈரத்தில் நின்று பிரிட்ஜ் கதவைத் திறந்த என் மகளுக்கு ஷாக் அடித்தது. கையை உதறிக்கொண்டு வந்து நின்றாள். அன்றைக்கு என் கால் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. பிரிட்ஜில் குறை இருக்கும் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பிரிட்ஜ் நன்றாக இருந்தது. பிளக் பாயின்டைக் கழற்றிப் பார்த்தால், மூன்றாவது பெரிய ஓட்டைக்கு எர்த் வயரே வரவில்லை. எப்போதோ வேலை பார்த்த யாரோ ஒருவர் உள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து எர்த் முனையில் இணைத்திருந்தார்.

இது எவ்வளவு ஆபத்து என்று புரிந்துகொள்ள வேண்டும். எல்லாம் சரியாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. நியூட்ரல் எங்காவது தளர்ந்த அந்த நொடியில், பிரிட்ஜின் உடம்பு முழுக்கப் பேஸ் ஏறிவிடும். மூன்று விளக்கு வைத்த சாக்கெட் டெஸ்டரைச் செருகினாலும் ‘எர்த் சரி’ என்றே காட்டும். தரமான வயர்மேன் ஒருவரை வைத்து, மெயினை அணைத்து, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர், கிரைண்டர் போடுகிற பாயின்ட்களையாவது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை வயர் தனியாக வந்து, போர்டு வழியாகத் தரைக்குள் போக வேண்டும். இதைப் பார்க்க அரைமணி நேரம் போதும். குடிபோன வாரமே செய்துவிடுங்கள்.

தரையில் இருக்கிற எர்த் குழாயையும் பாருங்கள். உப்பு ஈர மண் கரண்டை நன்றாக உள்வாங்கும், அந்த வகையில் நமக்கு வசதிதான். ஆனால் அதே மண் இரும்புக் குழாயைத் தின்றுவிடும். மேலே குழாய் நிற்கும், கம்பி கட்டிய இடம் துருவாய் உதிர்ந்திருக்கும். கையால் லேசாக அசைத்தால் கையோடு வந்த கம்பியைத் தொண்டியில் பார்த்தேன். தேரி போன்ற மணல்மேட்டு வீடுகளில் கதை வேறு; சித்திரை வெயிலில் மேல்மணல் காய்ந்து கரண்ட் இறங்காது. குழாய் ஈரமண் வரை ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்.

லேப்டாப்பையோ ஸ்டீல் உடம்பு மிக்ஸியையோ தொட்டால் லேசாகக் கூசுகிறது என்பதையும் அலட்சியம் செய்யாதீர்கள். பெரும்பாலும் அந்த பாயின்ட்டில் எர்த் இல்லை என்பதற்கான அடையாளம் அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மொட்டை மாடியில் சர்வீஸ் வயரைத் தாங்குகிற இரும்புக் குழாயில் துணி காயப்போடக் கம்பி கட்டாதீர்கள். வயரின் உறை உப்பிலும் வெயிலிலும் வெடித்துவிட்டால், ஈரத்துணியோடு அந்தக் கம்பியைப் பிடிப்பவர் தப்புவது கடினம். ஏற்கெனவே கட்டியிருந்தால் இன்றே நைலான் கயிற்றுக்கு மாற்றி, குழாயை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள்.

சூடாகும் பாயின்ட், லோ வோல்டேஜ்

கணக்கு எளிது. வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதைச் சின்ன 6 ஆம்பியர் பாயின்ட்டில் மாற்றுப் பிளக் வைத்துச் செருகினால் கருகத்தான் செய்யும். கீசர், ஏ.சி., இண்டக்‌ஷன் எல்லாம் 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான். எக்ஸ்டென்‌ஷன் பாக்ஸில் கூடாது.

ஒரு பேன் மட்டும் மெதுவாகச் சுற்றினால் அதன் கெப்பாசிட்டர்; சின்னச் செலவு. எல்லாமே மெதுவாகச் சுற்றினால் லோ வோல்டேஜ். வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட், அதில் ஆறு சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 216-லிருந்து 244 வரை. மல்டிமீட்டர் பழகாதவர் வயர்மேனிடம் கேட்டு அளக்கலாம். ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் முகப்பே காட்டும். ஒரு வாரம் காலை ஆறு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு, அக்கம்பக்கம் நான்கு வீட்டார் கையெழுத்தோடு மின்வாரிய உதவிப் பொறியாளர் (ஏ.இ.) அலுவலகம் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது

2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் வேலைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, உள்ளும் வெளியும் ஓடுகிற வயரிங் உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் போன்ற சில்லறைப் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. தகராறு என்றாலும் கரண்டையோ தண்ணீரையோ உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ஆனால் சட்டத்தோடு பேச்சைத் தொடங்காதீர்கள். கீழக்கரையில் பல வீடுகளுக்கு உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார். போனில் குறை சொன்னால் மறந்துவிடும். எழுத்தில் போட்டால் நிற்கும். நான் அனுப்புவது இப்படி இருக்கும் (‘காக்கா’ என்றால் இங்கே அண்ணன்):

‘காக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். மழை பெய்தால் படிக்கட்டுச் சுவர் லைனில் ஆர்.சி.சி.பி. விழுகிறது. வயர்மேன் பார்த்தார், குழாய்க்குள் தண்ணீர் இறங்கி வயர் உறை போய்விட்டது என்கிறார். போட்டோவும் அவர் சொன்ன செலவும் அனுப்பியிருக்கிறேன். அந்த லைனை அணைத்து வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் வேலை ஆரம்பிக்கச் சொல்லட்டுமா?’

என்ன பழுது, யார் பார்த்தது, எவ்வளவு ஆகும், எப்போது வேண்டும், நான்கும் அதில் இருக்கின்றன. ‘சரி தம்பி, பண்ணச் சொல்லுங்க, வாடகையில கழிச்சுக்குவோம்’ என்று பதில் வந்தால் அந்த வாட்ஸ்அப் செய்தியே உங்களுக்குச் சான்று. ரசீதை வாங்கி அனுப்பிவிட்டுக் கழியுங்கள்.

ஆர்.சி.சி.பி. இல்லாத வீடு என்றால் பாதிச் செலவை நானே தருகிறேன் என்று சொல்லி மாட்டச் சொல்வேன். உயிர் விஷயத்தில் யார் பங்கு என்று ஆறு மாதம் பேசிக்கொண்டிருப்பது சரியில்லை என்பது என் கருத்து.

சப்-மீட்டர் வைத்த போர்ஷனில் கூடுதலாக ஒரு சோதனை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரில் துடிக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அப்போதும் துடித்தால் கரண்ட் எங்கோ கசிகிறது, அல்லது மாடிப்படி விளக்கோ பொது மோட்டாரோ உங்கள் கணக்கில் ஓடுகிறது. வாரியம் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் இலவசமாகத் தருகிறது. அது போர்ஷன்களுக்குள் எப்படிப் பங்காகும் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஐப்பசிக்கு முன்னால்

புரட்டாசியில் ஒருநாள் ஒதுக்குங்கள். அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் கம்பியாளர் சான்று பெற்றவராகப் பார்த்துக் கூப்பிடுங்கள். மெயினை அணைத்து, காற்றைப் பார்த்த சுவர் பாயின்ட்களின் திருகுகளை இறுக்கி, பச்சை பூத்த நுனிகளை வெட்டிப் புதிதாக இணைத்து, இரும்புத் திருகுக்குப் பதில் பித்தளைத் திருகு போடச் சொல்லுங்கள். வெளிச் சுவிட்ச்களுக்கு மூடியுள்ள மழைப்பெட்டி வேண்டும். ஏ.சி.யின் வெளிப்பெட்டியைக் கரண்டை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு போர்த் தண்ணீரில் கழுவினால் கழுவாமல் விடுவதே மேல். ஆர்.சி.சி.பி.யின் ‘டி’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அது செத்துவிட்டது, மாற்ற வேண்டும்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு மழையில் தண்ணீர் வீட்டுக்குள் ஏற ஆரம்பித்தால், பிளக் பாயின்ட் உயரத்துக்கு வருமுன் மெயினை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அணைக்க வேண்டிய நிலை வந்தால் தொடாதீர்கள், ஈ.பி.யைக் கூப்பிட்டுக் கம்பத்தில் துண்டிக்கச் சொல்லுங்கள். வடிந்த பிறகு நனைந்த பாயின்ட்களை வயர்மேன் சோதித்த பிறகே மெயினைப் போட வேண்டும். நனைந்த பிரிட்ஜை ‘காய்ந்துவிட்டது’ என்று செருகக் கூடாது. உள்ளே உப்பு இருக்கும். தெருவில் வயர் அறுந்து கிடந்தால் பத்து மீட்டராவது விலகி நின்று, மற்றவர்களையும் நிறுத்திவிட்டு மின்னகத்துக்குச் சொல்லுங்கள்.

வீட்டைக் காலி செய்யும்போது மீட்டர் ரீடிங்கைத் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். எந்த பாயின்ட்டில் என்ன குறை, எது எந்த எம்.சி.பி.யில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி, போர்டுக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள். தங்கச்சிமடத்து வீட்டில் எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு அக்கா அப்படி ஒட்டிவைத்திருந்தார்: ‘குளியலறைப் பாயின்ட் போடாதீங்க, எர்த் இல்ல.’ முதல் நாள் கீசரைச் செருகப் போனவன் அதைப் படித்துவிட்டுத்தான் கையை எடுத்தேன்.